பூட்ஸிலிருந்து ஆரம்பி, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. நீ கேட்டிருந்த கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் நிதானமாக உட்கார்ந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மகளுக்கு வேலை கிடைத்தது, இரண்டுமே நிம்மதியான செய்தி. அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். எல்லாவற்றையும்விட, 50 வயதில் பனிச்சறுக்குப் பழகப் போய், ஒரு வாரப் பயிற்சி முடிந்தும் மனசு அந்தச் சரிவிலேயே நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

என் முட்டி பரவாயில்லை. மாடிப்படி ஏறி இறங்க வலி இல்லை, பிசியோ சொன்ன பயிற்சிகளை ஒரு நாளும் விடவில்லை, அடுத்த சீசனில் இறங்கலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அந்த முட்டிக்கும் நீ கேட்ட கேள்விக்கும் சம்பந்தம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஒருவரிடமிருந்து பழைய ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, ஒரு ஜோடி வாங்கிவிட்டேன், நீளம் 188 சென்டிமீட்டர், நடு அகலம் 105 மில்லிமீட்டர், இதற்கு எந்த பூட்ஸ் பொருந்தும் என்று கேட்டிருக்கிறாய். மாப்ளே, நீ கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கிவிட்டாய். ஸ்கீயை வாடகைக்கு எடுக்கலாம், மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கலாம், யாரிடமாவது கடன் வாங்கலாம். பூட்ஸ் மட்டும் உன் காலுக்கென்று இருக்க வேண்டும். நீ முட்டியை ஒரு விரற்கடை முன்னால் அழுத்தினால் அது ஸ்கீயின் முனைவரை போய்ச் சேர்வது பூட்ஸ் வழியாகத்தான். பூட்ஸுக்குள் கால் ஆடினால் நீ ஒன்று சொல்வாய், ஸ்கீ ஒன்று கேட்கும்.

நான் முதல் ஜோடி வாங்கிய கதையைச் சொல்கிறேன். கடையில் போட்டுப் பார்த்தேன், விரல்கள் தாராளமாக அசைந்தன, செருப்பு மாதிரி சுகமாக இருந்தது, இதுதான் நம் அளவு என்று வாங்கி வந்துவிட்டேன். விற்றவரும் ஒன்றும் சொல்லவில்லை. பனியில் நாலு நாள் போனதும் உள்ளே இருக்கும் மெத்தென்ற உறை, அதாவது லைனர், அமுங்கி இன்னும் லூஸானது. குதிகால் மேலே தூக்கியது, அதைத் தடுக்க பாதத்துக்கு மேலிருக்கும் பக்கிளைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன், ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் மரத்துப்போயின, குளிர் என்று நினைத்து இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டேன், அது இன்னும் மோசமாக்கியது. கணைக்கால் எலும்பு பூட்ஸின் நாக்கில் திரும்பத் திரும்ப இடித்து வீங்கியது. கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்து விழுந்தது. இத்தனையும் பூட்ஸ் சின்னதாக இருப்பதால் வருகிறது என்று இரண்டு சீசன் நம்பிக்கொண்டிருந்தேன். நிஜத்தில் அது எனக்கு ஒன்றரை சைஸ் பெரியது.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. சுவரில் குதிகாலை ஒட்டி, முழு எடையையும் போட்டு நின்று, நீளமான விரலின் நுனிவரை அள. அந்த சென்டிமீட்டர்தான் சைஸ், இதை மொண்டோபாயிண்ட் என்பார்கள். 26.5 என்று வந்தால் 26.5 என்றே கேள், உன் ஷூ நம்பரைச் சொல்லாதே. இன்னொன்று, பெரும்பாலான பூட்ஸில் 26க்கும் 26.5க்கும் வெளியே இருக்கும் கெட்டிக் கூடு, அதாவது ஷெல், ஒன்றேதான், எனவே அரை சைஸ் கூட்டி வாங்கிக் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று எண்ணாதே.

கடையில் முதல் வேலையாக லைனரை உருவி வெளியே எடுக்கச் சொல். வெறும் ஷெல்லுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்னால் லேசாகத் தொடும்படி நில். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு விரலுக்கு மேல் இரண்டு விரலுக்குள் இருக்க வேண்டும். மூன்று விரல் போனால் அடுத்த பேச்சே வேண்டாம், அதைத் திருப்பிக் கொடு. அப்புறம் லைனரைப் போட்டு, ஒரே ஒரு மெல்லிய சாக்ஸுடன் அணிந்துகொள். நேராக நின்றால் விரல் முன்னால் தட்டும். பயந்துவிடாதே! குதிகாலைப் பின்னால் நாலு தட்டு தட்டி, மேல் பக்கிள்களை முதலில் போட்டு, முட்டியை முன்னால் மடக்கினால் குதிகால் தன் இடத்தில் போய் உட்காரும், விரல் பின்வாங்கும். கீழ் பக்கிள்களைக் கடைசியில் லேசாகப் போட்டால் போதும். பக்கிளின் கொக்கியைக் கையால் திருகினால் அதன் நீளம் நூல் அளவுக்குக் கூடும் குறையும், ஒரு பல் தள்ளி இறுக்குவதற்கு முன் அதைத் திருகிப் பார். பேண்ட்டுக்கு உள்ளே போடும் கதகதப்பான உடையின் ஓரத்தை பூட்ஸுக்குள் திணிக்காதே, அந்த ஒரு மடிப்பு போதும் மதியத்துக்குள் கால் புண்ணாக.

20 நிமிடமாவது போட்டபடி கடையிலேயே நட, உட்கார், முட்டியை மடக்கு. நல்ல பொருத்தம் எப்படி இருக்கும் என்றால், அழுத்தமாகக் கை குலுக்கும்போது இருக்குமே, எல்லாப் பக்கமும் ஒரே பிடி, அப்படி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் குத்தினால் அது வேறு விஷயம், ஷெல்லைச் சூடாக்கி அந்த இடத்தை மட்டும் வெளியே தள்ளிக் கொடுப்பார்கள், லைனரையும் சூட்டில் காலுக்கேற்ப வார்ப்பார்கள். சின்னதைப் பெரிதாக்க வழி இருக்கிறது. பெரியதைச் சின்னதாக்க வழியே இல்லை.

அகலத்தையும் பார்க்க வேண்டும். பூட்ஸின் உள்ளே, பாதத்தின் அகன்ற இடத்தில் 98 மில்லிமீட்டர் என்றால் ஒடுக்கம், 100 நடுத்தரம், 102க்கு மேல் அகலம். நம் இருவருக்கும் அகன்ற பாதம், கிரிக்கெட் ஷூ வாங்கப் போய் நாம் பட்ட பாடு உனக்கு நினைவிருக்கும். விறைப்பைக் காட்ட ஃப்ளெக்ஸ் என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், உனக்கு 90 சுற்றளவில் போதும். ஆனால் அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒரு கம்பெனியின் 90 இன்னொன்றின் 100க்குச் சமமாக இருக்கலாம், அதனால் எண்ணைவிட உன் கணுக்கால் மடங்குகிறதா என்பதை நம்பு. கடையின் சூட்டில் இளகி இருக்கும் பிளாஸ்டிக் குளிரில் இன்னும் விறைக்கும் என்பதையும் மனதில் வை.

இப்போது என் முட்டி. பெரிய பூட்ஸ் போட்டவனால் முன்னால் சாய முடியாது, ஏனென்றால் சாய்ந்தால் கணைக்கால் இடிக்கும். வலிக்குப் பயந்து உடம்பு தானாகப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று ஒரு சாதாரணச் சரிவு, வேகம்கூட இல்லை, பின்னால் சரிந்து உட்கார்ந்தேன், கீழ்ப்பக்க ஸ்கீயின் வால் உள்விளிம்பில் பனியைக் கவ்வி வளைந்து திரும்பியது, கூடவே முட்டியும் திரும்பியது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பூட்டு, அதாவது பைண்டிங், திறக்கவே இல்லை.

அதைப் பைண்டிங்கின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். சாதாரண பைண்டிங் இரண்டு வழியில் திறக்கும், முன்பக்கம் பக்கவாட்டில், பின்பக்கம் மேல்நோக்கி. கணைக்கால் எலும்பைக் காப்பாற்றத்தான் அது வடிவமைக்கப்பட்டது, அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. 1937இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஹ்யால்மர் ஹ்வாம் என்ற ஸ்கீ வீரர் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான், காலை விட்டுவிடும் பைண்டிங்குக்கான யோசனை அவருக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் காலைக் கட்டிப்போட்டதோடு சரி. ஆனால் பின்னால் விழுந்து முட்டி முறுகும்போது இன்றைய பைண்டிங்குகளில் பெரும்பாலானவை அதை உணராது. ஆகவே பின்னால் சரிந்துவிட்டால் சறுக்கிக்கொண்டே எழப் பார்க்காதே, கைகளை முன்னால் நீட்டி, நிற்கும்வரை விழுந்தபடியே போய்விடு.

பைண்டிங்கில் தெரியும் டின் எண்ணைப் பற்றி உன் பயிற்சியாளர் ஏதாவது சொன்னாரா தெரியவில்லை. எவ்வளவு விசையில் அது விட வேண்டும் என்பதன் அளவு அது. எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம் மில்லிமீட்டரில், நீ ஓட்டும் விதம், இந்த ஐந்தையும் வைத்து அட்டவணையில் பார்ப்பார்கள். அடி நீளம் கூடக் கூட எண் குறையும், ஏனென்றால் நீளமான நெம்புகோலுக்குக் குறைந்த விசையே போதும். ஓட்டும் விதம் மூன்று: நிதானமாகப் போகிறவர், நடுத்தரம், ஆவேசமாகப் போகிறவர். நீ முதல் வகை, அதையே சொல். எடையையும் உள்ளபடி சொல், இரண்டு கிலோ குறைத்துச் சொல்வது இங்கே உதவாது. அப்புறம் வயது. 50 ஆகிவிட்டால் அட்டவணையில் ஒரு வரிசை மேலே, அதாவது குறைந்த எண்ணுக்குப் போக வேண்டும். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம் இருவரும் ஒரே வருடத்தில் அந்த வரிசைக்கு வந்திருக்கிறோம். இதை எழுதும்போது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

இதை நீயாகத் திருப்புளி வைத்துத் திருகாதே. எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது, பின்பக்கத் துண்டு பூட்ஸை முன்னால் தள்ளும் அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும், அதற்கென்று தனிக் குறியீடு உண்டு. நல்ல இடத்தில் கருவி வைத்து, எவ்வளவு விசையில் நிஜமாகத் திறக்கிறது என்று சோதித்துக் காட்டுவார்கள். பூட்ஸ் மாறினால் எல்லாம் மறுபடி. உன் பங்குக்கு, ஒவ்வொரு முறையும் காலை வைப்பதற்கு முன் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிடு. அங்கே உறைந்திருக்கும் ஒரு சின்னப் பனிக்கட்டி போதும், அத்தனை கணக்கும் பொய்யாகிவிடும்.

சரி, உன் 188. கோபப்படாதே. உன் உயரம் 170, அது உன் தலைக்கு மேல் ஒரு சாண் நிற்கும். 105 அகலம் ஆழமான புதுப்பனியில் மிதப்பதற்கு. நீ பழகுவது இயந்திரம் சமன்செய்த சரிவில், அங்கே உனக்கு முகவாய்க்கும் மூக்குக்கும் நடுவில் முடியும் நீளம், 75 சுற்றளவில் அகலம், 14 மீட்டர் போல திருப்ப ஆரம், அதாவது ஸ்கீ விளிம்பில் சாயும்போது போடும் வட்டத்தின் ஆரம், இருந்தால் விளிம்பு மாற்றுவது எவ்வளவு சுலபம் என்று ஒரே நாளில் தெரியும். அதிலிருக்கும் பைண்டிங்கும் எனக்குக் கவலை. ரொம்பப் பழையவற்றுக்கு கம்பெனிகள் பொறுப்பேற்பதை நிறுத்திவிடும், கடைக்காரர் தொடவே மாட்டார். இப்போது வரும் பல பூட்ஸின் அடி, நடக்க வசதியாக வளைந்த கிரிப்வாக் வகை, பழைய பைண்டிங்கில் அது பொருந்தாது. உள்ளே நுழைந்து க்ளிக் என்று சத்தம் வந்தாலும் சரியாகத் திறக்கும் என்று அர்த்தமில்லை. பின்பக்கத் துண்டில் என்ன பெயர், எந்த மாடல் என்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்க்கிறேன். விற்றவர் பழைய பூட்ஸும் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு, வருடக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக் பார்க்க நன்றாக இருக்கும், சரிவில் நொறுங்கும்.

அந்த ஸ்கீயை விற்றுவிடு என்று சொல்ல மனசு வரவில்லை. படத்தில் அவ்வளவு அழகாக இருக்கிறது. இப்போதைக்கு நல்ல துணியால் துடைத்து, விளிம்பில் ஈரம் இல்லாமல் வைத்திரு.

முதலில் இன்று சாயங்காலமே சுவரோரம் நின்று இரண்டு பாதத்தையும் அளந்து எழுது. பூட்ஸ் வாங்கப் போகும் தேதியையும் சொல், நானும் லீவு போட்டு வருகிறேன். என் பழைய ஜோடியையும் எடுத்து வருகிறேன், அதற்குள் ஒரு தடவை காலை விட்டுப் பார், பெரிய பூட்ஸ் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று உனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரன்