அந்தப் பாட்டி எதைக் காட்டுகிறார்?

ஷெஃபீல்டு,
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

உன் தபால் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. சேலத்திலிருந்து பதினோரு நாள். உறையின் மூலையெல்லாம் நசுங்கியிருந்தது, ஆனால் நீ உள்ளே அட்டை வைத்திருந்ததால் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் வலிக்கு நீ எழுதியிருந்த தைலத்தை இங்கே கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் நலம். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தப் படம்.

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது கிடைத்தது என்று எழுதியிருக்கிறாய். பேரன் அதைப் பார்த்துவிட்டு, "யாரு தாத்தா இந்த வெள்ளைக்காரப் பாட்டி? ஒண்ணுமே இல்லாத இடத்துல எதைக் காட்டுறாங்க?" என்று கேட்டானாம். உனக்குப் பாதிதான் நினைவுக்கு வந்தது, அவர் பெயரும் வரவில்லை என்கிறாய். நானும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பாளம் பாளமாக வெடித்த சேறு, பின்னால் ஒரு குன்றுச் சரிவு, நடுவில் தலையில் துணி கட்டிய ஓர் அம்மா. வலது கையை நீட்டித் தரையைச் சுட்டுகிறார். அந்த இடத்தில் இரண்டு கல்லைத் தவிர எதுவும் இல்லை. பையன் கேட்டதில் என்ன தப்பு? அவனுக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அது நாம் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், நம் வீட்டுக்காரம்மா. இடம் டெர்வென்ட். வருஷம் 1976, ஆகஸ்ட் மாதம். எடுத்தது நீ, ஊரிலிருந்து கொண்டுவந்த அந்த ஆக்ஃபா கிளிக் கேமராவில்.

அந்தக் கோடையை மறந்திருக்க மாட்டாய். நாம் உலோகவியல் படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மழை மழை என்று பயமுறுத்தி அனுப்பினார்களே, அந்த இங்கிலாந்தில் புல்லெல்லாம் பழுத்துச் சித்திரை மாதத் தரிசு போலக் கிடந்தது. வறட்சிக்கென்றே அரசாங்கம் ஓர் அமைச்சரைப் போட்டது, அவர் வந்து சில நாளில் மழையும் கொட்டியது. அந்த மழைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்காரம்மா நம் கதவைத் தட்டினார். "தண்ணீர் இறங்கிவிட்டதாம். என் ஊரைப் பார்க்க வருகிறீர்களா?" என்றார். ஊர் என்றதும் ஏதோ கிராமத்துக்கு விருந்துக்குக் கூப்பிடுகிறார் என்றுதானே சட்டையை இஸ்திரி போட்டோம்!

டெர்வென்ட் என்ற ஊரும் பக்கத்தில் ஆஷ்ஆப்டன் என்ற ஊரும் லேடிபவர் நீர்த்தேக்கத்துக்காக மூழ்கடிக்கப்பட்டவை. ஷெஃபீல்டு, டெர்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் எல்லாவற்றுக்கும் குடிதண்ணீர் போதவில்லை. 1935இல் வேலை தொடங்கி, 1943இல் தண்ணீர் நிரப்ப ஆரம்பித்தார்கள். 1945இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் வந்து திறந்து வைத்தார். வீடுகளை இடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை ஒன்று இருந்தது, அதுவும் போயிற்று. தேவாலயத்துக் கல்லறைகளைத் தோண்டி, எலும்புகளைக் கீழே பாம்ஃபோர்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். வீட்டுக்காரம்மாவின் பாட்டி அப்படிப் போனவர்தான். குதிரைகள் சுமையோடு கடக்கிற பழைய கல்பாலம் ஒன்றை மட்டும் கல் கல்லாகப் பிரித்து, பள்ளத்தாக்கின் மேல்பக்கம் கொண்டுபோய்த் திரும்பக் கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது. தேவாலயத்தின் கூம்புக் கோபுரத்தை நினைவாக விட்டுவைத்தார்கள். ஏரி நடுவில் தனியாக நின்ற அதை நோக்கி ஆட்கள் நீந்திப் போக ஆரம்பித்ததும், ஆபத்து என்று 1947 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

இதெல்லாம் இப்போது படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நமக்குத் தெரிந்ததெல்லாம், பேருந்தை விட்டு இறங்கியதிலிருந்து அந்த அம்மா நம் இரண்டு பேரையும் விட வேகமாக நடந்தார் என்பதுதான். சேற்றில் இறங்கியதும் நடை மாறிவிட்டது. இருட்டில் சொந்த வீட்டுக்குள் நடப்பவர் போல, தரையைப் பார்க்காமலே போனார். ஒரு கல்தூண் சாய்ந்து கிடந்த இடத்தில் நின்றார். "இது கேட்." அங்கிருந்து எண்ணிக்கொண்டே நான்கு எட்டு வைத்தார். "இது வாசல்படி." இடது பக்கம் திரும்பி இரண்டு எட்டு. "இங்கே அடுப்பு. அம்மா மாவு பிசைகிற மேஜை அதற்கு எதிரில், ஜன்னலுக்குக் கீழே." அப்போதுதான் நீ கிளிக் செய்தாய். உன் பேரனிடம் சொல், அந்தப் பாட்டி காட்டுவது ஒரு மேஜையை.

இன்னொன்றும் நடந்தது. நீ அதை எழுதவில்லை, மறந்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது உன் பாட்டியின் ஊரும் இப்படித்தான் போனது என்று அவரிடம் சொன்னாய். தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் பழைய மாதாகோவில் கோபுரமும் வெளியே தெரியும் என்றாய். உன் ஆங்கிலம் அப்போது தட்டுத்தடுமாறும், நந்தியைக் கல்மாடு என்று விளக்கினாய். அவர் ஒன்றும் பேசாமல் உன் கையைப் பிடித்துக்கொண்டார். பேருந்து வரும்வரை விடவே இல்லை. அதன்பின் உன் தட்டில் மட்டும் உருளைக்கிழங்கு ஒன்று கூடுதலாக இருந்ததை நான் கவனித்திருக்கிறேன்.

சமையலறைக் குழாயில் கெட்டிலைப் பிடிக்கும்போது "எங்கள் ஊர்த் தண்ணீர்" என்பாரே, அதை ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தோம். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் டீ குடிப்பதே வேறு மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

சரி, உன் படம் வந்த நேரம் பார். போன மாதம்தான் அப்பேடேல் ரோட்டில் ஒரு பழம்பொருள் கடையில், ஷூ டப்பாவில் அடுக்கி வைத்திருந்த தபால் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு இது ஒரு பழக்கமாகிவிட்டது. மாவட்டவாரியாகச் சீட்டு குத்தி வைத்திருப்பார்கள். டெர்பிஷயர் அட்டைக் கட்டுக்குள் டெர்வென்ட் தேவாலயம்! நான்கு பவுண்டு கொடுத்து வாங்கிவந்தேன். அரை பென்னி பச்சை ஸ்டாம்ப், ஏழாம் எட்வர்ட் தலை, 1908 முத்திரை. பின்னால் பென்சிலில், சனிக்கிழமை வருகிறேன், முட்டை எடுத்து வை என்று இரண்டு வரி. அந்தக் காலத்தில் தபால் அட்டைதான் குறுஞ்செய்தி. 1902இலிருந்து முகவரியையும் சேதியையும் ஒரே பக்கத்தில் எழுதலாம் என்று தபால் இலாகா அனுமதித்தது. மறுபக்கம் முழுக்கப் படத்துக்கு என்றானதும், சின்னக் கிராமத்துக்குக்கூட அதன் தேவாலயமும் கடைத்தெருவும் அச்சாகி விற்பனைக்கு வந்தன. 1918இல் கட்டணத்தை ஒரு பென்னி ஆக்கும்வரை அரை பென்னிதான்.

அட்டையில் தேவாலயத்துக்கு முன்னால் ஒரு கல்சுவர். சுவரோரம் ஏப்ரன் கட்டிய ஒரு சிறுமி. படம் எடுக்கிற நேரத்தில் தலையைத் திருப்பியிருக்கிறாள், முகம் புகை போலக் கலைந்திருக்கிறது. கையில் என்னவோ வைத்திருக்கிறாள், கூடையா நாய்க்குட்டியா, பூதக்கண்ணாடி வைத்தும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்காரம்மா இருந்திருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார், இன்னார் வீட்டுப் பெண், பின்னாளில் இன்ன இடத்தில் வாக்கப்பட்டாள் என்று.

இந்த மாதிரி ஊர்ப் படங்களை எடுத்துக் குவித்த பிரான்சிஸ் ஃபிரித் என்று ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1822இல் இங்கே பக்கத்து ஊரான செஸ்டர்ஃபீல்டில் பிறந்தவர். லிவர்பூலில் மளிகை மொத்த வியாபாரம் செய்து, அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போனார். கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவ வேண்டிய காலம். அந்த வெயிலில் கூடாரத்துக்குள் மருந்து கொதித்துப் பொங்குமாம். திரும்பி வந்து, 1860 வாக்கில் ரைகேட்டில் ஒரு கம்பெனி தொடங்கினார். பிரிட்டனில் உள்ள ஒவ்வொரு ஊரையும் கிராமத்தையும் படம் பிடித்துவிட வேண்டும் என்பது திட்டம். 1898இல் அவர் இறந்த பின்னும் பிள்ளைகளும் பேரன்களும் தொடர்ந்தார்கள். எடுத்த ஊரையே சில வருஷம் கழித்து மறுபடி போய் எடுப்பார்கள். கம்பெனி 1970களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. நல்லவேளையாகத் தகடுகள் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான ஊர்கள், லட்சக்கணக்கான படங்கள்.

அந்தப் படங்களை எத்தனையோ மாலை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடியில் ஊர்ப் பெயர் இருக்கும், வரிசை எண் இருக்கும். படத்துக்குள் நிற்கிற ஆளின் பெயர் இருக்காது. கறிக்கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவர், வண்டிச் சக்கரத்தில் சாய்ந்திருக்கிற பையன், கேமராவைப் பார்த்ததும் ஓடிவந்து வரிசையாக நிற்கிற பிள்ளைகள், எல்லோரும் பெயரில்லாமலே நிற்கிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். கேமராக்காரருக்கு ஊர்தான் வேண்டியிருந்தது, அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பக்கத்தில் இருந்து "இது என் அத்தை" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாவிட்டால் படம் பாதிதான்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். நூலகத்தில் மாதம் ஒரு முறை பழைய படங்களை மேஜையில் பரப்பி, வயதானவர்களைக் கூப்பிட்டு அடையாளம் கேட்கிறார்கள். நானும் போகிறேன். போன தடவை ஒரு பெரியவர் வந்தார், தொண்ணூறு இருக்கும். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மேட்டில் இருந்த பழைய தெருக்களின் படம் ஒன்று. நீ பார்த்தபோது அங்கே பார்க் ஹில் அடுக்குமாடி நின்றது, 1961இல் கட்டி முடித்தது. மாடிக்கு மாடி பால் வண்டி போகிற அகலத்துக்கு நடைபாதை விட்டு, இடித்த தெருக்களின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்களே, அதுதான். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை மூக்கருகே கொண்டுபோனார். "மூணாவது கதவு எங்களுது" என்றார். பிறகு முதல் கதவிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் பெயர், செய்த தொழில், வளர்த்த புறா வரை சொன்னார். நூலகத்துப் பெண் எழுதி முடியவில்லை, இரண்டாவது தாள் எடுத்தாள். அதுவரை அந்தப் படத்தின் உறையில் 'தெரு, இடம் தெரியவில்லை' என்றுதான் எழுதியிருந்தது.

நாம் சுற்றிய ஊரும் இப்போது அந்த மேஜைக்கு வந்துவிட்டது. காசில் ஸ்கொயரில் சாலைக்கு அடியில் வட்டமாகத் திறந்திருந்ததே, 'ஹோல் இன் த ரோடு', சுவரில் மீன் தொட்டி பதித்திருக்குமே, நீ சம்பளம் வந்த அன்று அந்த மீன்களுக்கு முன்னால் நின்று அம்மாவுக்குக் கடிதம் எழுதுவாயே, அதை 1994இல் மூடிவிட்டார்கள். மேலே டிராம் ஓடுகிறது. ஐம்பது வயதுக்காரர்கள் அந்தத் தொட்டிப் படத்தைப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். உன்னிடம் அங்கே எடுத்தது ஏதாவது இருந்தால் அனுப்பு.

டெர்வென்ட்டுக்கு 2022 வறட்சியில் மறுபடி போனேன், நாற்பத்தாறு வருஷம் கழித்து. நல்ல கூட்டம். எல்லோர் கையிலும் போன், கற்குவியலோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் அந்தக் கல்தூணைத் தேடினேன். கிடைத்தது என்று நினைத்து நான்கு எட்டு வைத்தேன், இடது பக்கம் இரண்டு எட்டு. சேறுதான் இருந்தது. சரியான தூண்தானா என்று கேட்க ஆள் இல்லை. அங்கே நின்றபோதுதான் உறைத்தது, நான்கு வருஷம் சோறு போட்டவர், அவர் பெயர் எனக்குத் தெரியாது. குடும்பப் பெயர் தெரியும், வாடகைப் புத்தகத்தில் இருந்தது. அது அவர் கணவருடையது, இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் அந்தப் பெயர்க்காரர்தான். நாம் 'மிஸஸ்' போட்டுக் கூப்பிட்டோம், அவர் நம்மை ஷெஃபீல்டு வழக்கப்படி 'லவ்' என்றார். அதிலேயே நான்கு வருஷம் ஓடிவிட்டது. 1921 கணக்கெடுப்பு ஏடுகள் இப்போது பார்வைக்கு வந்துவிட்டன. டெர்வென்ட் பிள்ளைகளின் பெயர்களைப் பார்த்தேன். அவர் வயதுக்குப் பொருந்துகிற பெண் குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். யார் அவர் என்று எப்படிச் சொல்வது?

அதனால் உன்னிடம் ஒரு வேலை. நீ சேலம் உருக்காலையில் சேர்ந்த பிறகு, சில வருஷம் கிறிஸ்துமஸுக்கு உனக்கு அவர் வாழ்த்து அட்டை அனுப்பினார். எனக்கு அனுப்பவில்லை, நான் பக்கத்துத் தெருவில் இருந்தேன், நேரிலேயே கேக் கொடுத்துவிடுவார். உன் வீட்டம்மா கல்யாணப் பத்திரிகையைக்கூடத் தூக்கிப் போடாதவர். டிரங்குப் பெட்டியில் அந்த அட்டைகள் இருக்கும். இன்றைக்கே தேடச் சொல். உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கடைசி வரியில் கையெழுத்து எப்படிப் போட்டிருக்கிறார் என்று மட்டும் உடனே எழுது. போன் செய்தாலும் சரி, இரவு எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

படத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கம் மெல்லிய பென்சிலால் ஊர், மாதம், வருஷம் எழுதியிருக்கிறேன். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். நடுவில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்