நான்காவது டவுனில் ஆடிப் பார்ப்பது வீம்பு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து பற்றி நம் பத்திரிகைகளில் செய்தி வருவதே அபூர்வம், அதனால் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் நான்காவது டவுனில் ஆடிப் பார்த்துத் தோற்ற பயிற்சியாளரை 'வீண் வீம்பு' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். மூன்றில் முடியாவிட்டால் பெரும்பாலும் பன்ட் அடித்து, அதாவது பந்தை உதைத்து, எதிரணியை ஏறக்குறைய 40 கெஜம் பின்னால் தள்ளிவிடுவார்கள். துணிந்து ஆடித் தவறினால் நின்ற இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போகும். எதிரணியின் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மூன்று புள்ளிக்கு உதைக்கலாம், அது தனிக் கதை.

பன்ட் பத்திரம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் உதைத்த கணமே பந்து நம் கையில் இல்லை, அந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் ஆட்டங்களை அலசி 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: அணிகள் தேவைக்கு மேல் உதைக்கின்றன. ஒரு கெஜம்தான் பாக்கி என்றால் ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு முறை கிடைத்துவிடுகிறது. அப்புறம் ஏன் உதைக்கிறார்கள்? உதைத்துத் தோற்றால் பழி ஆட்டக்காரர்கள் மேல், ஆடித் தோற்றால் பயிற்சியாளர் தலையில்.

2009 நவம்பரில் நியூ இங்கிலாந்து அணியின் பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கு நடந்தது அதுதான். நியூ இங்கிலாந்து 34-28 என முன்னிலை, இரண்டு நிமிடம்தான் பாக்கி, சொந்த எல்லையிலிருந்து 28-வது கெஜக் கோட்டில் நான்காவது டவுன், தேவை இரண்டு கெஜம். எதிரில் இண்டியானாபோலிஸ் அணியின் தாக்குதலை நடத்தும் பெய்டன் மேனிங், கடைசிக் கால் பகுதியில் மட்டும் அணியை இரண்டு டச் டவுனுக்கு, அதாவது பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோருக்கு, கொண்டுபோயிருந்தவர். பெலிசிக் உதைக்கவில்லை. அவருடைய ஆட்டக்காரர் பிரேடி வீசிய பந்தைச் சக வீரர் ஃபாக் பிடித்தார், ஆனால் கையில் ஒரு தடுமாற்றம், அது அடங்குவதற்குள் பின்னால் தள்ளப்பட்டுவிட்டார், நடுவர் தூரம் போதவில்லை என்றார், மறுபரிசீலனை கேட்க வேண்டுமென்றால் டைம் அவுட், அதாவது ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் உரிமை, மிச்சமிருக்க வேண்டும், அதுவும் இல்லை. பந்தை வாங்கிய மேனிங்கின் அணி டச் டவுன் போட, 35-34 என்று தோல்வி, மறுநாள் ஊரே திட்டியது. உதைத்திருந்தால் மட்டும்? மேனிங் இன்னும் ஒரு 40 கெஜம் கூடுதலாக ஓட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான், அவரைக் கடைசி நேரத்தில் நிறுத்துவது லேசா? அந்த இரண்டு கெஜம் கிடைத்திருந்தால் பந்தைக் கையிலேயே வைத்து நேரத்தைக் கரைத்து ஆட்டத்தையே ஏறக்குறைய முடித்திருக்கலாம். முடிவு தப்பாகப் போனது, எடுத்த தீர்மானம் தப்பில்லை.

எப்போதும் ஆடியே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொந்த எல்லையருகே பத்து கெஜம் பாக்கி என்றால் உதைப்பதுதான் சரி. நடு மைதானத்தில், ஒன்றோ இரண்டோ கெஜத்துக்கு உதைப்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

சேலம் சுற்றுவட்டாரத்தில் பொங்கல் கபடி பார்த்த யாருக்கும் இது புரியும். ரெய்டர் பிடிபட்டால் உடனே திட்ட மாட்டார்கள், உள்ளே எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை புள்ளி பின்தங்கியிருந்தோம், நேரம் எவ்வளவு இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவார்கள்.

அடுத்த முறை ஸ்கோரோடு நிறுத்தாமல் எந்தக் கோட்டில் நின்றார்கள், எத்தனை கெஜம் தேவை, எவ்வளவு நேரம் பாக்கி என்பதையும் போடுங்கள். அப்புறம் வீம்பா இல்லையா என்று வாசகர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்