ஸ்கோர் புக்கில் இல்லாத கட்டம்

ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்
மார்ச் 1, ஞாயிறு இரவு

கண்ணு,

பார்சலில் பருப்புப் பொடி இரண்டு டப்பா, கடலை உருண்டை ஒரு டப்பா, அப்பா வாங்கின கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி இருக்கிறது. பொடியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, ஈரம் ஏறிக் கட்டியாகிவிடும். அமுச்சி போனில் பக்குவம் சொல்லச் சொல்ல வறுத்தது. போன தடவை காரம் தூக்கல் என்றாய், மிளகாயைக் குறைத்திருக்கிறேன். அது தீர்ந்ததா, இல்லை அப்படியே கிடக்கிறதா என்று நீ சொல்லவே இல்லை.

கையால் எழுதி எத்தனையோ வருடம் ஆகிறது. போனில் பேசலாம்தான். ஆனால் மூன்று ஞாயிறாக நம் பேச்சு நாலு நிமிடத்தைத் தாண்டவில்லை. "நல்லா இருக்கேம்மா." "ப்ராக்டிஸ் இருக்கும்மா." "அப்புறம் பேசறேம்மா." சரி, நான் குறை சொல்லவில்லை. சாப்பிடுகிறாயா? டைனிங் ஹால் மூடுவதற்கு முன்னால் போய்விடு. அவர்கள் போடும் கோழியும் சாலடும் உனக்குப் போதாது. வெறும் சோறு ஒரு கிண்ணம் வாங்கி, இந்தப் பொடியைப் போட்டுப் பிசைந்துகொள். வெறும் வயிற்றோடு மட்டும் படுக்காதே.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. வாசல் பாஸ்கெட்பால் கூடையின் வலை ஒரு பக்கம் அறுந்து தொங்குகிறது. பக்கத்து வீட்டுப் பொடியன் சாயங்காலமானால் வந்து கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு ஆடுகிறான். புது வலை வாங்கி வைத்திருக்கிறேன். மாட்ட அப்பாவுக்கு மனம் வரவில்லை, நீ வந்து மாட்டுவாய் என்கிறார்.

போன மாதம் உன் பள்ளிக்கூடத்தில் ஒரு ஹோம் கேம். ஸ்கோர் புக் எழுத ஆள் வரவில்லை என்று உன் பழைய கோச் கூப்பிட்டார், போனேன். அதே மேஜை, அதே இரும்பு நாற்காலி. எனக்குப் பின்வரிசையில் சாம்பல் கோட்டு போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஏதோ காலேஜில் உதவி கோச். மூன்றாம் நம்பர் பையனைப் பார்க்கத்தான் வந்திருந்தார். அந்தப் பையன் அன்றைக்கு 31 பாயிண்ட். ஜிம்மே எழுந்து நின்று கத்துகிறது, இவர் பந்தைப் பார்க்கவே இல்லை. பந்து ஒரு பக்கம் போனால் இவர் கண் மறுபக்கம் இருக்கிறது. பையன் பந்தைத் தொலைத்தால் குனிந்து ஏதோ குறித்துக்கொள்கிறார். நான் திரும்பித் திரும்பி அவரையே பார்த்ததில் ஒரு ஃபவுலை எழுத விட்டு, ரெஃப்ரியிடம் கேட்டு எழுதினேன்.

இடைவேளையில் புத்தகத்தைக் காட்டச் சொன்னார். பாயிண்ட்டை அவர் பார்க்கவில்லை, நேராக ஃப்ரீ த்ரோ வரிசைக்குப் போனார். ஏன் என்று கேட்டேன். ஹைஸ்கூலிலும் காலேஜிலும் தூரம் மாறாத ஷாட் அந்த 15 அடி ஃப்ரீ த்ரோ ஒன்றுதான், குறுக்கே ஆள் இல்லாமல் போடுவதும் அது ஒன்றுதான், அதனால் மற்ற எண்களைவிட அதை நம்புவேன் என்றார். மற்றதெல்லாம் மாறிவிடுகிறதாம். உனக்குத் தெரியாததா? இங்கே த்ரீ பாயிண்ட் கோடு 19 அடி 9 அங்குலம், அங்கே 22 அடி 1¾ அங்குலம். இங்கே 32 நிமிடம், அங்கே 40. அங்கே முப்பது நொடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும். நீ இங்கே ஆடிய நாலு வருடமும் அந்தக் கடிகாரமே கிடையாது.

"அவனுடைய 31-ல் எத்தனை, அவனைவிட அரையடி குட்டையான பையன்கள் தலைக்கு மேல் போட்டது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. காலேஜில் அதே வழியை மறித்துக்கொண்டு 22, 23 வயது ஆள் நிற்பான் என்றார். முன்னெல்லாம் 18 வயதுப் பையனை எடுத்து மூன்று வருடம் வளர்ப்பார்கள். இப்போது காலேஜ் மாற நினைக்கிற ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் போர்ட்டலைத் திறந்தால் வளர்ந்து முடிந்த ஆளே கிடைக்கிறான், எந்தக் கோச்சுக்குப் பொறுமை இருக்கும் என்றார். சொல்லும்போது அவருக்கே அதில் வருத்தம் இருந்த மாதிரிதான் தெரிந்தது.

அப்புறம், 12-ம் நம்பர் யார் என்று விசாரித்தார். அந்தப் பையன் அன்றைக்குப் போட்டது நாலே பாயிண்ட். பாஸ் தவறிப்போனால் ரெஃப்ரி விசில் ஊதுவதற்குள் திரும்பி ஓடியிருப்பான். வெளியே உட்கார வைத்தபோது பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, உள்ளே ஆடுகிறவனுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று கத்திக்கொண்டே இருந்தான். அப்படியானால் யார் காலேஜில் தேறுவார்கள் என்று உங்களால் சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். "கால் நகருகிற விதம் தெரியும், கை தெரியும், கோச் திட்டினால் முகம் எப்படிப் போகிறது என்று தெரியும். மிச்சம், முதல் குளிர்காலம் பெஞ்சில் உட்காரும்போதுதான் தெரியும். சில பையன்கள் உட்கார்ந்தபடியே ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். சிலர் உட்கார்ந்த இடத்திலேயே கரைந்துபோகிறார்கள்" என்றார்.

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

புதன்கிழமை உன் காலேஜ் ஆட்டத்தை லேப்டாப்பில் பார்த்தேன். ஆட்டம் தொடங்கும் முன் வார்ம்-அப் காட்டினார்கள். எண்ணினேன், பதினாலு பேர், நீ இல்லை. கேமரா திரும்பினபோது மறுபடியும் எண்ணினேன். நேற்றும் பதினாலு. அப்பாவிடம் சொல்லவில்லை, அவர் பாக்ஸ் ஸ்கோர் பட்டியல் மட்டும்தான் பார்ப்பார். கணுக்காலா கண்ணு? ஹூஸ்டனில் பிசகின அதே இடமா? கணுக்கால் என்றால் ஐஸ் வை, இருபது நிமிடத்துக்கு மேல் வைக்காதே. ட்ரெய்னரிடம் காட்டு. கணுக்காலாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லேன், நான் பயப்பட மாட்டேன்.

உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று நீ நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் ஹைஸ்கூலில் பாஸ்கெட்பால் ஆடுகிற பையன்கள் நூறு பேரில் மூன்று நாலு பேர்தான் என்சிஏஏ என்ற சங்கத்தின் காலேஜ் அணி எதிலாவது ஆடுகிறார்கள், அதில் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னுக்குப் போவது ஒருத்தன். உன் காலேஜில் இருப்பது 15 இடம், அதில் ஒன்று ஆறடி ஒரு அங்குல நம் வீட்டுப் பிள்ளைக்கு. கோபியில் உன் மாமா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் உன் ஜெர்சி போட்டோவைக் காட்டுகிறார். அப்படிப்பட்டவன் பெற்ற தாயிடம் நாலு நிமிடத்துக்கு மேல் பேச மாட்டேன் என்றால் எப்படி?

அன்றைக்கு 2015 மார்ச், உனக்கு எட்டு வயது. மேரிலாண்ட் காலேஜும் வால்பரைசோ காலேஜும் ஆடின ஆட்டம். மேரிலாண்டுக்கு மூன்று பாயிண்ட் முன்னிலை, கடைசி ஷாட்டைத் தடுப்பதற்கென்றே வருண் ராமை உள்ளே அனுப்பினார்கள். அத்தனை நெட்டை ஆட்களுக்கு நடுவில் நம் ஊர்ச் சாயல் முகம். ஷாட் போடவே விடாமல் பந்தைத் தட்டிவிட்டார், 65-62. அப்பா சோஃபாவின் மேலேயே ஏறிவிட்டார். நீ அன்றைக்கு ராத்திரி ஹாலில் குனிந்து கையை விரித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தபடியே படுக்கைக்குப் போனாய், நினைவிருக்கிறதா? அவர் முதல் வருடம் ட்ரினிட்டி என்ற, கடைசி மட்டமான டிவிஷன் த்ரீ காலேஜில் ஆடிவிட்டுத்தான் மேரிலாண்டுக்கு வாக்-ஆனாக, அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாத ஆட்டக்காரராக, வந்தார் என்று அப்பா பிற்பாடு படித்துச் சொன்னார்.

அவ்வளவு பெரிய என்பிஏ ஆட்டக்காரர் ஸ்டெஃப் கரியே காலேஜில் முதல் ஆட்டத்தில் 13 டர்ன்ஓவர் கொடுத்தார், பதின்மூன்று தடவை பந்தை எதிரணியிடம் தொலைத்தார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். பெரிய காலேஜ்கள் வேண்டாம் என்று விட்ட பையன், டேவிட்சன் எடுத்துக்கொண்டது. அதற்கு அடுத்த ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராக 32 பாயிண்ட். 13 டர்ன்ஓவர் கொடுத்தவனை மறுநாளும் ஆட விட்டாரே, அந்தக் கோச்சைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்படி ஒருவர் கிடைப்பதில்தான் பாதி இருக்கிறது.

கண்ணு, நான் இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சாக்ஸையும் வலையையும் பற்றி எழுதியே இரண்டு பக்கம் போய்விட்டது.

உனக்கு அப்படி ஒரு கோச் கிடைத்தார். நீ ப்ளஸ் ஒன் படிக்கும்போது, உன் பதினோராம் கிரேடு கோடையில். கோச்களுக்கு எழுதுவதற்கென்று உன் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்தோமே, அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். உனக்குப் பரீட்சை, எஸ்ஏடி வகுப்பு, நேரமில்லை என்று நானே ஏற்றுக்கொண்டேன். ஹைலைட் வீடியோவை வெட்டினதும் நான்தான். உள்ளே போன பந்தையெல்லாம் வைத்தேன். நீ டிஃபென்ஸில் கத்தி ஆளை மாற்றிவிட்டது, ஓடி வந்தவன் மோதி விழட்டும் என்று அசையாமல் நின்று சார்ஜ் வாங்கினது, எல்லாவற்றையும் வெட்டிப் போட்டேன். பார்க்கிறவர்களுக்கு அலுக்கும் என்று நினைத்தேன். ஆறு வருடம் ஸ்கோர் புக் எழுதினவள் நான். அதில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததை நான் பார்க்கப் பழகவே இல்லை.

ஒரு டிவிஷன் த்ரீ காலேஜிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கோச் வீடியோவைப் பார்த்து எழுதவில்லை. டாலஸில் நீ பள்ளிக்கு வெளியே கிளப் அணிக்கு ஆடின ஏஏயூ ஆட்டம் இரண்டை நேரில் வந்து பார்த்திருக்கிறார். "உங்கள் மகன் பேசிக்கொண்டே ஆடுகிறான். அவன் உள்ளே இருக்கும்போது மற்ற நாலு பேரும் இன்னும் நன்றாக ஆடுகிறார்கள். முதல் வருடமே ஆட வைப்பேன்" என்று எழுதியிருந்தார். விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை, ஆனால் உன் மார்க்குக்கு உதவித்தொகை கிடைக்கும், எவ்வளவு வரலாம் என்றுகூடக் கணக்குப் போட்டிருந்தார்.

நான் அதை உனக்குக் காட்டவில்லை. அப்பாவுக்கும் காட்டவில்லை. உன் பெயரிலேயே பதில் எழுதினேன். நான் டிவிஷன் ஒன் மட்டும்தான் பார்க்கிறேன், நன்றி என்று. அவர் திரும்பவும் ஒரு வரி எழுதினார்: "மனம் மாறினால் இடம் இருக்கிறது." அதற்கு நான் பதிலே போடவில்லை.

கோபியில் யாருக்கும் டிவிஷன் த்ரீ புரியாது என்று நினைத்தேன். டிவிஷன் ஒன் என்றால் புரியும் என்று நினைத்தேன். இப்போது ஸ்காலர்ஷிப்பே இல்லாமல் வாக்-ஆனாக நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய். பெஞ்சில் யார் கரைவார்கள் என்று தெரியாது என்று அந்த மனிதர் சொன்னபோது, உன்னை அந்தப் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தது யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நீ ஆடத் தகுதியானவனா என்று இத்தனை வருடம் கணக்குப் பார்த்தேன். உன்னைப் பார்க்கவில்லை சாமி. எங்கோ இருக்கிற ஒரு மனிதர் இரண்டே ஆட்டத்தில் பார்த்துவிட்டார்.

போன வாரம் அவருக்கு நானே எழுதலாம் என்று தொடங்கினேன். நாலு வரி அடித்துவிட்டு அழித்தேன். மறுபடியும் உனக்காக நான் எழுதக் கூடாது.

அந்தக் கடிதத்தையும் அவருடைய இரண்டாவது கடிதத்தையும் அச்செடுத்து சாக்ஸ் மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். நான் எழுதின பதிலும் கூடவே இருக்கிறது, அதையும் படி. நீ அங்கேயே இருப்பாயோ, வேறு இடம் போவாயோ, பந்தையே தொட மாட்டேன் என்பாயோ, நான் கேட்கப் போவதில்லை. அப்பாவிடம் இந்த வாரத்துக்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டை இன்றைக்கு மாற்றிவிட்டேன். புதுசு இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறது. நீ உள்ளே போனதும் அதையும் மாற்றிக்கொள், எனக்குச் சொல்லாதே.

கடலை உருண்டை டப்பாவின் மூடி இறுக்கம். ஸ்பூன் பிடியால் நெம்பினால் வந்துவிடும்.

அம்மா