நாய்ப் போட்டி தொழிலா? மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

உன் லாப்ரடாரோடு வேட்டைநாய்ப் போட்டிகளுக்குப் போகிற செலவை, அமெரிக்க வரிக் கணக்கில் சொந்தத் தொழிலுக்கான ஷெட்யூல் சி படிவத்தில் நஷ்டமாகக் காட்டி, சம்பளத்துக்குக் கட்டுகிற வரியைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்கிறாராம். அவர் கணக்கு அவர் பாடு. இத்தனை வருடம் பலருக்கு வரிக் கணக்கு எழுதியவளாகச் சொல்கிறேன்: இப்போதைக்கு இது நீ ஆசைக்காகச் செய்கிற பொழுதுபோக்கு, தொழில் இல்லை.

ஆசை என்றால் மட்டம் என்று நினைக்காதே. நான் வந்திருந்தபோது பார்த்தேனே. வாத்து விழுந்த இடத்தை உன் நாய் கண்ணால் குறித்துக்கொண்டு, உடம்பெல்லாம் துடிக்க, நீ பெயர் சொல்லும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஜூனியர் என்கிற தொடக்க நிலையில் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொள்ள அனுமதி உண்டு. உனக்கு அது தேவைப்படவில்லை. அப்புறம் நீந்திப்போய்க் கவ்வி வந்து, பதமாக உன் கையில் வைத்தாள். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் அதற்குக் கிடைப்பது ரிப்பன். அமெரிக்க கென்னல் கிளப்பின் (ஏ.கே.சி.) ஹன்ட் டெஸ்ட் என்கிற வேட்டைத் திறன் தேர்வில் நாய்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. தரத்தை எட்டினால் தேர்ச்சி, நான்கு முறை தேறினால் ஜூனியர் ஹன்டர் பட்டம். முதலிடம், இரண்டாமிடம் எல்லாம் ஃபீல்டு ட்ரையல் என்கிற போட்டியில்தான். அங்கேயும் நுழைவுக் கட்டணம், பெட்ரோல், பயிற்சியாளர் கூலி போகப் பரிசை வைத்தே பிழைக்கிறவரை நான் கண்டதில்லை. பணம் வருவது பட்டத்துக்கு அப்புறம்: குட்டி விற்பதில், ஆண் நாயை இனச்சேர்க்கைக்கு விடுவதில், அடுத்தவர் நாயைப் பழக்குவதில். இதில் எதுவும் உன்னிடம் இன்னும் இல்லை. சரக்கே இல்லாத கடைக்குப் போர்டு எழுதுகிற மாதிரிதான் இது.

வரிச் சட்டத்தில் 183-வது பிரிவைப் படி. 5 வருடத்தில் 3 வருடம் லாபம் வந்தால் தொழில் என்றே எடுத்துக்கொள்வார்கள்; இல்லை என்று காட்டுவது வரித்துறையான ஐ.ஆர்.எஸ். பொறுப்பு. குதிரைக்கு மட்டும் 7-ல் 2 போதும், நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. லாபம் வராவிட்டாலும் கதவு சாத்திவிடாது. விதிகளில் 9 அம்சங்கள் சொல்லியிருக்கிறார்கள், அவற்றைச் சேர்த்து வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். என் அனுபவத்தில் கனமானது முதல் அம்சம்தான்: கணக்கை எப்படி வைத்திருக்கிறாய், நஷ்டம் வந்தபோது எதை மாற்றினாய் என்பது. சந்தோஷமாகச் செய்கிறாய் என்பதற்காக மட்டும் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் நல்ல சம்பளம் வேறு இடத்திலிருந்து வர, வருடா வருடம் நஷ்டம் வந்து அந்த வரியைக் குறைத்தால் சந்தேகம் வரத்தானே செய்யும்? ஆசை என்று முடிவாகிவிட்டால் 2018 முதல் அந்தச் செலவைக் கழிக்க வழியில்லை. 2025-ல் வந்த சட்டம் அதை நிரந்தரமாக்கிவிட்டது. வருகிற பணத்துக்கு வரி மட்டும் உண்டு.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்தியது நீ போகிற போக்கில் எழுதியிருந்த ஒன்று. அடுத்த வருடம் ஒரு ஈத்து எடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்றாய். கண்ணா, கணக்கை நேராக்குவதற்காக அவளைக் குட்டி போட வைக்காதே. அவளுக்கு இன்னும் 2 வயது முடியவில்லை. இடுப்பு எலும்புக்கு ஓ.எஃப்.ஏ. என்கிற விலங்கு எலும்புநல அமைப்பு கொடுக்கிற இறுதிச் சான்று 24 மாதத்துக்கு முன் கிடைக்காது. இடுப்பு, முழங்கைக் கோளாறுகள் லாப்ரடாரில் பரம்பரையாக வருபவை. ஈ.ஐ.சி. என்று ஒன்று இருக்கிறது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னங்கால் தளர்ந்து நாய் விழுந்துவிடும். அதற்கு மரபணுச் சோதனை உண்டு, அதையும் செய்ய வேண்டும். பிரசவம் சிக்கலாகி ஆபரேஷன் ஆனால் நீ போட்ட லாபக் கணக்கு அங்கேயே முடிந்தது. அவள் உயிருக்கு ஏதாவது ஆனால் எந்தப் படிவத்தில் எழுதுவாய்? பிறக்கிற குட்டிகள் யார் வீட்டுக்குப் போகும் என்று யோசித்தாயா?

உண்மையிலேயே இதைத் தொழிலாகச் செய்ய நினைத்தால் நான் கூட நிற்கிறேன். தனி வங்கிக் கணக்கு, பயணக் குறிப்பேடு, எழுதி வைத்த திட்டம், பல வருடம் நாய் வளர்த்து விற்கிற ஒருவரின் ஆலோசனை, இவ்வளவும் முதல் நாளிலிருந்தே வேண்டும். லாபம் வந்தால் சுயதொழில் வரியும் சேரும், 15.3 சதவீதம் வரை.

இந்த வருடம் ஷெட்யூல் சி-யை நிரப்பாதே. 24 மாதம் முடிந்ததும் எக்ஸ்ரே எடுத்து அனுப்பு, ஓ.எஃப்.ஏ. பதில் வந்ததும் எனக்கு போன் செய். அடுத்த டெஸ்ட் எந்தத் தேதி என்றும் சொல், லீவு பார்த்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா