பதினெட்டரை வயது வரை பொறுக்கிற சட்டம், பாஸ்போர்ட் என்றதும் ஏன் பொறுப்பதில்லை?

மத்திய உள்துறை அமைச்சகத்தில் குடியுரிமை விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவர் வேறு நாட்டவர் என்று அமைந்த குடும்பங்களுக்குக் குடியுரிமை ஆவணங்களைத் தயார் செய்து கொடுப்பவர்கள் நாங்கள். எல்லோருக்கும் இரட்டைக் குடியுரிமை கொடுங்கள் என்று கேட்கவில்லை. சட்டத்தில் ஏற்கெனவே ஒரு வாசல் இருக்கிறது. அதே சட்டத்தின் இன்னொரு வரி அதைச் சாத்தி வைத்திருக்கிறது.

வாசல் இருப்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4(1ஏ) பிரிவில். வெளிநாட்டில் பிறந்து, வம்சாவளியால் இந்தியக் குடியுரிமை பெற்ற குழந்தைக்கு இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், 18 வயது நிரம்பிய 6 மாதத்துக்குள் அந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். அதாவது, அதுவரை இரண்டும் இருக்கலாம்.

சாத்தும் வரி 4(1) பிரிவின் நிபந்தனையில் வருகிறது. 3.12.2004 முதல் வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். பதியும்போது, குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி கூற வேண்டும். குடியுரிமை இருக்கலாமாம், பாஸ்போர்ட்தான் இருக்கக் கூடாதாம்!

நடைமுறையில் இது எப்படி முடிகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் பிறந்த குழந்தை பிறக்கும்போதே அமெரிக்கர். அமெரிக்கர்கள் அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் நாட்டைவிட்டுப் போகவும் திரும்பவும் வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். பாட்டியிடம் காட்டக் குழந்தையை இந்தியாவுக்குக் கூட்டிவர அந்த பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டால், பதிவுக்கான உறுதிமொழியில் கையெழுத்திட முடியாது. முதலில் இந்தியத் தூதரகத்தில் பதிந்து இந்திய பாஸ்போர்ட் வாங்கினால், திரும்பிப் போக அதில் விசா கிடைக்காது. சொந்தக் குடிமகனுக்கு எந்த நாடு விசா கொடுக்கும்? வேறு வழியில்லாமல் பெற்றோர் அந்த நாட்டு பாஸ்போர்ட்டை எடுக்கிறார்கள். உடனே 2009ஆம் ஆண்டுக் குடியுரிமை விதிகளின் 3ஆம் அட்டவணை குறுக்கே வருகிறது. வேறு நாட்டு பாஸ்போர்ட் பெற்றதே, அந்தக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றதற்கு இறுதிச் சான்று என்கிறது அது. எட்டு மாதக் குழந்தை எதை விரும்பிப் பெற்றது? அதுவும் பிறப்பிலேயே வந்த குடியுரிமையை?

இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு இந்த வாசல்கூட இல்லை. அது 3ஆம் பிரிவின்படி குடியுரிமை பெறுகிறது. 4(1ஏ) பேசுவதோ 4ஆம் பிரிவின் வழி வந்தவர்களைப் பற்றி மட்டும்.

அரசியல் சாசனத்தின் 9ஆம் உறுப்பு இரட்டைக் குடியுரிமையைத் தடுக்கிறது என்பது அடிக்கடி சொல்லப்படும் பதில். அந்த உறுப்பு 5, 6, 8ஆம் உறுப்புகளின் வழி வந்த குடியுரிமையைப் பற்றியது. மற்றதற்கெல்லாம் 11ஆம் உறுப்பு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது.

“வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ அட்டை இருக்கிறதே” என்பது இன்னொரு பதில். பயணத்துக்கு அது நல்ல அட்டைதான். ஓட்டுரிமை இல்லை; விவசாய நிலம் வாங்க முடியாது. 2021 மார்ச் அறிவிப்புக்குப் பிறகு அட்டை பெற்றவர்கள், நீட் எழுதினாலும் என்ஆர்ஐ இடங்களுக்கு மட்டுமே போட்டியிடலாம். தாத்தா பாட்டியில் ஒருவர் பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமகனாக இருந்திருந்தால் அட்டையே கிடையாது.

கிடைக்கிற அட்டைக்கும் தமிழ்க் குடும்பங்கள் படும் பாடு பெயரில் தொடங்குகிறது. அப்பாவின் இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. வெளிநாட்டு மருத்துவமனைப் படிவம் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாது; இனிஷியலை விரித்து, தாத்தாவின் பெயரை எழுதிவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே மனிதர் இரண்டு பேராகிவிடுகிறார், விண்ணப்பம் திரும்பி வருகிறது. “இரு பெயரும் ஒருவரே” என்ற உறுதிமொழிப் பத்திரத்துக்கு ஒரே மாதிரி வாசகத்தை நீங்கள் வெளியிட்டாலே பாதித் தொல்லை தீரும். இதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

திருத்தம் தேவைப்படுவது, பதிவின்போது “வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை” என்று கேட்கும் உறுதிமொழிக்குத்தான். பிறப்பால் வந்த குடியுரிமைக்கான பாஸ்போர்ட், 18 வயதும் 6 மாதமும் ஆகும்வரை பதிவுக்குத் தடையாகாது என்று நிபந்தனையை மாற்ற மசோதா கொண்டுவாருங்கள். 3ஆம் அட்டவணையில் சிறாருக்கு விலக்கு எழுதுங்கள். அது விதிதான், உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்தியாவில் பிறந்த குழந்தைக்கும் அதே கெடுவைக் கொடுங்கள். ஓராண்டு தாண்டிய பதிவுக்கு உங்கள் அனுமதி வேண்டும் என்கிற சட்டம், எத்தனை நாளில் பதில் வரும் என்று சொல்வதில்லை. அதற்கும் ஒரு காலவரம்பு வையுங்கள்.

அந்த ஆறு மாதக் கெடு எப்போது முடிகிறது என்று பல வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. அந்தத் தேதியைப் பதிவுச் சான்றிதழிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.