‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதுவதை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்களுக்கு விறைப்பு சரிவர ஏற்படாத நிலையைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து ‘நரம்புத் தளர்ச்சி’ என்றே குறிப்பிட்டு வருகிறது. விளம்பரப் பத்திகளில் மட்டுமன்றி, மருத்துவக் கேள்வி பதில் பகுதியிலும் அதே சொல்தான் வருகிறது. அந்தச் சொல்லை நம்பி இரண்டு ஆண்டுகளை வீணாக்கியவன் என்ற முறையில், விறைப்பு உடலில் எப்படி நிகழ்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆண்குறிக்குள் நீளவாக்கில், அருகருகே இரண்டு தண்டுகள் உள்ளன. பஞ்சு போல நுண்ணிய அறைகள் நிறைந்த அவற்றைக் கெட்டியான உறை ஒன்று மூடியிருக்கிறது. அந்த அறைகளின் சுவர்களிலும், அவற்றுக்கு ரத்தம் கொண்டு வரும் தமனிகளின் சுவர்களிலும் மென்தசைகள் இருக்கின்றன. உறுப்பு சோர்ந்து கிடப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில்தான் இத்தசைகள் இறுகச் சுருங்கி, ரத்தத்தை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருக்கின்றன. தொடுதலோ மனக்கிளர்ச்சியோ உண்டாகும்போது, தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகளின் முனைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. ரத்த ஓட்டம் கூடக் கூட, ரத்தக் குழாய்களின் உட்புறப் படலமும் அதே வாயுவைச் சுரக்கத் தொடங்குகிறது. தசைகள் இளகுகின்றன, தமனிகள் விரிகின்றன, அறைகளில் ரத்தம் நிரம்புகிறது. உப்பிய பஞ்சுத் திசு வெளியுறையை நெருக்கும்போது, இடையில் ஓடும் மெல்லிய சிரைகள் நசுங்கி, உள்ளே வந்த ரத்தம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. ஆக, தசைகள் தளர்ந்தால்தான் உறுப்பு விறைக்கிறது. தளர முடியாமல் போவதே குறைபாடு. நம் வழக்குச் சொல் இதை அப்படியே தலைகீழாகச் சொல்கிறது.

அச்சமும் பதற்றமும் விறைப்பைக் கெடுப்பதற்கும் இதுவே காரணம். அப்போது சுரக்கும் அட்ரினலின் அந்தத் தசைகளை மீண்டும் இறுக்கிவிடுகிறது. மனக்கலக்கம் மட்டுமே காரணமாக உள்ளவர்களுக்குக் கனவுறக்கத்தின்போது விறைப்பு பெரும்பாலும் வழக்கம்போல் ஏற்படுகிறது. நலமாக உள்ள ஆணுக்கு ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து முறை அது நிகழ்வது இயல்பு. விடியற்காலை விறைப்பைப் பற்றி மருத்துவர் கேட்டால் அதற்காகக் கூச வேண்டியதில்லை.

நரம்புக்கு இதில் பங்கே இல்லை என்று நான் வாதிடவில்லை. நீரிழிவும், புராஸ்டேட் அறுவையும், தண்டுவடக் காயமும் நரம்பைப் பாதித்து விறைப்பைக் கெடுக்கலாம். ஆனால் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் ரத்தக் குழாயில்தான் கோளாறு இருக்கிறது. என் கதையும் அதுவே. 52 வயதில் இக்குறை தொடங்கியபோது, நரம்புக்கு வலுவூட்டுவதாகச் சொன்ன ஒருவரிடம் பொடியும் தைலமும் வாங்கிக்கொண்டிருந்தேனே தவிர, ரத்த அழுத்தத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்திய மறுநாள், இதய மருத்துவர் மருந்துச் சீட்டின் பின்புறம் சிறிதும் பெரிதுமாக இரண்டு வட்டங்கள் வரைந்தார். சிறியது ஆண்குறித் தமனி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம். பெரியது இதயத் தமனி, மூன்று நான்கு மில்லிமீட்டர். இரண்டின் உட்சுவரிலும் பேனாவால் ஒரே அளவுக்குக் கொழுப்புப் படிவைத் தீட்டினார். சிறிய வட்டம் அடைபட்டுவிட்டது. பெரியதில் பாதை இன்னும் இருந்தது. “உங்களுக்கு எத்தனை ஆண்டுகளாக அந்தச் சிரமம்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லும்வரை என் மனைவிக்குக்கூட அந்தக் கேள்வியின் பொருள் தெரியாது.

இக்குறைக்காக 1998-இல் விற்பனைக்கு வந்த சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தசையை இளக்குவதற்காக நைட்ரிக் ஆக்சைடு அதற்குள் தோற்றுவிக்கும் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை இந்த மாத்திரை தடுக்கிறது. அவ்வளவே அதன் வேலை. கிளர்ச்சியை அது உண்டாக்காது. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து எடுத்துக்கொள்பவர் இதையும் சேர்த்து விழுங்கினால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. செய்திகளிலும் கேள்வி பதில்களிலும் ‘விறைப்புக் குறைபாடு’ என்றே எழுதுங்கள். 40 வயதைத் தாண்டிய எவர் இக்குறையைச் சொல்லிக் கேட்டாலும், ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளும்படியும், புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடும்படியும் பதிலின் முதல் வரியிலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்