ரெண்டாவது ரீலை விரலால் சுற்றிய ஆபரேட்டர் ஐயாவுக்கு

சனிக்கிழமை ராத்திரி நாங்கள் புரொஜெக்டரில் படம் போட்டபோது என்ன ஆச்சு என்று வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். படம் கடைசிவரை ஓடியதே, அதற்குத்தான் இந்த மடல்.

ஐயா, நீங்கள் படம் பார்க்க வந்தவர். ரீலைச் சுற்றும் பெல்ட் அறுந்து பிலிமும் கிழிந்ததும் எழுந்து வந்து, "சிமென்ட்டு இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டீர்கள், பிலிம் ஒட்டும் பசையைத்தான். 16 எம்எம் ஒலிப் பிரிண்டில், பல்சக்கரம் பிலிமைப் பிடித்து இழுக்கும் துளை ஒரு ஓரத்தில்தான். அது கிழிந்தால் பிடிக்க மறு ஓரம் கிடையாது. கிழிந்த கட்டங்களைக் கோட்டோடு வெட்டினீர்கள். ஒரு முனையில் மருந்துப் பூச்சு போய்க் கண்ணாடி மாதிரி தெரியும்வரை சுரண்டல், ஒரே தடவல் சிமென்ட், மேலே அழுத்தம். சிமென்ட் கூடினால் பிதுங்கி அடுத்த கட்டம் கறையாகும். சுரண்டல் குறைந்தால், விளக்கொளி பிலிமில் விழும் 'கேட்' என்ற சந்திலேயே ஒட்டு பிரியும். உங்கள் ஒட்டு லேசாக ஒரு 'டப்'போடு தாண்டிப் போனது.

பெல்ட்டுக்குத்தான் மாற்று இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஓடிவந்த பிலிமை வாங்கிச் சுற்றிக்கொள்ளும் ரீலை விரலாலேயே சுற்றினீர்களே, முப்பது நிமிடத்துக்கு மேல்! நிமிடத்துக்கு 36 அடி பிலிம் வந்துகொண்டே இருக்கும். தளரவிட்டால் தரையில் குவியும். வெடுக்கென்று இழுத்தால் பல்சக்கரத்தில் துளை கிழியும், கேட்டருகே பிலிமைத் தளர்த்தி விட்டிருக்கும் வளைவான லூப் சுருங்கிப் படம் குதிக்கும். ஆரம்பத்தில் வேகமாகச் சுற்றவேண்டும், சுருள் பெருக்கப் பெருக்க விரல் மெதுவாகவேண்டும். அந்தக் கணக்கு உங்கள் கையில் இருந்தது.

'ஃபாதர்ஸ் லிட்டில் டிவிடெண்ட்' (1951) படத்தின் உயிரே அந்த ரீலில்தான். தாத்தா ஸ்பென்சர் ட்ரேசி பையன்களோடு பந்தாடப் போய்ப் பேரனைத் தொலைக்கிறார். அதுவரை அவரைக் கண்டாலே வீறிட்ட பிள்ளை, போலீஸ் ஸ்டேஷனில் அவரோடு ஒட்டிக்கொள்கிறது. கூடமே சிரித்தது, சில அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். உங்கள் கண் ரீலைவிட்டு அகலவில்லை.

நாற்காலிக்கு வாடகை வாங்காத பந்தல்காரர், படத்தில் மாசமாக இருக்கும் மகள் எலிசபெத் டெய்லருக்குப் பரிசு குவிவதைப் பார்த்து "நம்ம வளைகாப்புதான்" என்று இடைவேளையில் மாசமாக இருந்த பெண்களுக்குக் கண்ணாடி வளையல் அடுக்கிவிட்ட அம்மா, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டிவந்தவர்கள், எல்லோருக்கும் நன்றி.

இனி மாற்று பெல்ட் ரெண்டு, பல்பு ஒன்று, மூடி இறுகிய புது சிமென்ட் புட்டி கையில் இல்லாமல் விளக்கை அணைக்கமாட்டோம். சித்திரைத் திருவிழா முடிந்ததும் இதே படத்தை மறுபடி போடுகிறோம். ஐயா, அன்றைக்கு நீங்கள் மெஷின் பக்கமே வரக்கூடாது. நடுவரிசையில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை முகத்தைப் பாருங்கள்.